டிசம்பரிலேயே வற்றிய ஏரிகள்

2019 ஜூலை 12. வில்லிவாக்கம் ரயில் நிலையத்துக்கு ஒரு ரயில் வந்து நின்றது. ஏறவும் இறங்கவும் ஆளில்லாத ரயில். ஐம்பது டேங்கர் வேகன்கள், அவற்றுக்குள் 25 லட்சம் லிட்டர் தண்ணீர். ஜோலார்பேட்டையில் நிரப்பி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் இழுத்து வந்திருந்தார்கள். மாலை போட்டு வரவேற்றார்கள், அமைச்சர்கள் வந்திருந்தார்கள், கேமராக்கள் சூழ்ந்திருந்தன. குழாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அந்தத் தண்ணீர் போனது.

அந்த நாள்களில் சென்னைக் குடிநீர் வாரியம் தினமும் 52.5 கோடி லிட்டர் தண்ணீர் வழங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாகக் கொடுத்து வந்த 83 கோடி லிட்டரைக் குறைத்துக் குறைத்து அங்கே வந்து நின்றிருந்தார்கள். வகுத்துப் பார்த்தால், அந்த ரயில் கொண்டுவந்தது இந்த நகரத்தின் ஏழு நிமிடத் தண்ணீர்.

ரயிலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குடத்தோடு நின்றவர்களுக்கு அந்த ஏழு நிமிடமும் பெரிது. என் ஆதங்கமெல்லாம் தேதியைப் பற்றியது. ரயில் விடப்போவதாக அறிவித்தது ஜூன் மூன்றாம் வாரத்தில், 65 கோடி ரூபாய் ஒதுக்கி. ஏரிகளில் பாளம் பாளமாக வெடித்த சேறு தெரிய ஆரம்பித்து வெகு நாளான பிறகு. ஆனால் அந்த வறட்சி ஜூனில் வந்ததல்ல. அதற்கு ஆறு மாதம் முன்பு, டிசம்பர் 31-ஆம் தேதியே அது வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு காகிதமும் பென்சிலும் இருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அந்தக் கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன்.

29-ஆல் வகுத்தால் போதும்

சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு பழைய ஏரிகள் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம். முழுக்க நிரம்பினால் பூண்டியில் 3,231 மில்லியன் கன அடி, சோழவரத்தில் 1,081, புழலில் 3,300, செம்பரம்பாக்கத்தில் 3,645. எல்லாம் சேர்த்து 11,257 மில்லியன் கன அடி. செய்தியில் 'பதினொன்றே கால் டி.எம்.சி.' என்று வருவது இதைத்தான்.

தினமும் காலையில் ஏரிக்கரையில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று குறிக்கிறார்கள். பூண்டிக்கு 35 அடி முழு மட்டம், செம்பரம்பாக்கத்துக்கு 24, புழலுக்கு 21.20. இத்தனை அடி என்றால் இத்தனை கன அடித் தண்ணீர் என்று ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. அடியைக் கன அடியாக்கிப் பத்திரிகைகளுக்குத் தருகிறார்கள். மழைக்காலத்தில் இந்தப் பெட்டிச் செய்தி முதல் பக்கத்துக்கு வரும். கோடையில் உள்ளே எங்கோ போய்விடும். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி இதைப் பார்க்கும் பழக்கம் சென்னைவாசிகள் எல்லாருக்கும் உண்டு. ஆனால் அந்த எண்ணை நாளாக மாற்றிப் பார்ப்பவர்கள் குறைவு.

ஒரு மில்லியன் கன அடி என்பது 2.83 கோடி லிட்டர். நகரத்துக்குத் தினமும் 83 கோடி லிட்டர் வேண்டுமென்றால் அது ஏறத்தாழ 29 மில்லியன் கன அடி. ஆக, ஏரி இருப்பை 29-ஆல் வகுத்தால் எத்தனை நாளுக்குத் தாங்கும் என்று தெரியும். நான்கும் தளும்ப நின்றால் ஓராண்டுக்குச் சற்று மேல்.

2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. கஜா புயல் டெல்டாவைச் சிதைத்துவிட்டுப் போனது. சென்னைப் பக்கம் வழக்கமான மழையில் பாதிகூடப் பெய்யவில்லை. ஆண்டு முடிந்தபோது நான்கு ஏரிகளிலும் சேர்த்துக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தாராளமாக, முழுசாக ஐந்தில் ஒரு பங்கு இருந்ததாகவே வைத்துக்கொள்வோம்: 2,250 மில்லியன் கன அடி. 29-ஆல் வகுத்தால் 78 நாள். மார்ச் மூன்றாம் வாரத்தில் முடிந்துவிடும்.

ஏரி மட்டுமா இருக்கிறது என்று கேட்கலாம். நியாயம். வீராணத்திலிருந்து 235 கிலோமீட்டர் குழாயில் தினமும் 18 கோடி லிட்டர் வருகிறது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் அப்போது ஆளுக்குப் பத்துக் கோடி லிட்டர் தந்துகொண்டிருந்தன. இந்த 38 கோடியைக் கழித்தால் ஏரிகள் கொடுக்க வேண்டியது 45 கோடி லிட்டர், அதாவது நாளொன்றுக்கு 16 மில்லியன் கன அடி. அப்படி வகுத்தாலும் 140 நாள். மே 20.

கிருஷ்ணா நீர் இருக்கிறதே என்றால், 1983 ஒப்பந்தப்படி ஆந்திரம் ஆண்டுக்கு 12 டி.எம்.சி. தமிழக எல்லையில் தர வேண்டும். 1996-இல் முதல் முறையாகத் தண்ணீர் வந்தது. கண்டலேறு அணையிலிருந்து பூண்டி வரை 177 கிலோமீட்டர் கால்வாய். ஆனால் நமக்குப் பஞ்சமான ஆண்டில் பெரும்பாலும் அங்கும் பஞ்சம்தான். 2019-இன் தொடக்கத்தில் கண்டலேறிலும் இருப்பு குறைவாகத்தான் இருந்தது.

இன்னொன்று, வெயில் குடிக்கும் தண்ணீர். நம் ஏரிகள் பரந்தவை, ஆழம் குறைந்தவை. கோடையில் ஒரு நாளைக்கு ஆறு மில்லிமீட்டர் ஆவியாவதாகக் கொண்டால், ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் 60 லட்சம் லிட்டர் போய்விடும். ஒன்பதாயிரம் லிட்டர் பிடிக்கும் லாரியில் கணக்கிட்டால் 660 லாரிக்கு மேல். ஒரே நாளில், ஒரே ஒரு சதுர கிலோமீட்டரில்.

இவ்வளவும் பத்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. மே மாதத்தில் ஏரிகள் கைவிரிக்கும் என்று புத்தாண்டு அன்றே சொல்லியிருக்க முடியும். தெரிந்தவர்களுக்குத் தெரிந்தும் இருந்தது. பொறியாளர்கள் கல்குவாரிகளைத் தேடிப் போனார்கள். சிக்கராயபுரம் குவாரிகளில் தேங்கிய மழைநீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். திருவள்ளூர் மாவட்ட விவசாயக் கிணறுகளில் தண்ணீர் வாங்கினார்கள். ஏரிகளில் மதகு எட்டாத ஆழத்தில் தங்கியிருந்ததை மோட்டார் வைத்து இறைத்தார்கள். அவர்களுடைய உழைப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் குடிக்கிறவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வாசல் கழுவிக் கோலம் போட்ட எங்கள் தெருவுக்கு, இன்னும் நாலு மாதத்தில் குழாயில் காற்றுதான் வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஆளுக்கு ஒரு வாளியாவது மிச்சம் பிடித்திருப்போம்.

மே கடைசியில் எங்கள் தெருமுனையில் டோக்கன் வந்துவிட்டது. "அக்கா, நீங்க எத்தனாவது?" என்பதுதான் காலை வணக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு லாரிச் சத்தம் கேட்டால் தெருவே எழுந்திருக்கும். பிளாஸ்டிக் குடங்களுக்குக் கயிறு கட்டி வரிசை போட்டிருப்பார்கள். ஆள் தூங்கினாலும் குடம் நிற்கும். அந்த மாதம் வேலைக்குப் போகாமல் நின்ற பெண்கள் எத்தனை பேர், பள்ளி திறந்தும் தண்ணீருக்காக வீட்டில் நிறுத்தப்பட்ட பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்த அளவுகோலும் குறிக்கவில்லை.

எங்கே பெய்தால் மழை?

வறட்சியைக் கண்காணிக்க இந்த நாட்டில் கருவிகளுக்குக் குறைவில்லை. வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மழைக் கணக்கு வைக்கிறது. இயல்பைவிட 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் 'குறைவு', 60-க்கு மேல் குறைந்தால் 'மிகக் குறைவு'. 19 சதவீதம் வரை குறைந்தால்கூட அது 'இயல்பு' என்ற பெட்டியில்தான் விழும். ஓர் ஊரின் மழையை அந்த ஊரின் பல்லாண்டுப் பழக்கத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் தரப்படுத்திய மழைக் குறியீடும் உண்டு. 1993-இல் அமெரிக்காவின் கொலராடோவில் உருவான முறை. இராமநாதபுரத்தில் பெய்யும் நூறு மில்லிமீட்டரும் வால்பாறையில் பெய்யும் நூறு மில்லிமீட்டரும் ஒன்றல்ல என்பதுதான் அதன் சாரம். மத்திய நீர் ஆணையம் பெரிய அணைகளின் இருப்பை வாரம் ஒருமுறை வெளியிடுகிறது. செயற்கைக்கோள்கள் பயிரின் பச்சையை அளக்கின்றன. 2018 ஜூனில் நீலமாகத் தெரிந்த புழல் ஏரி 2019 கோடையில் மண்ணாகத் தெரிந்த இரண்டு படங்களை உலகமே பார்த்தது.

இத்தனை இருந்தும் குடிநீருக்கு அவை ஏன் போதவில்லை? முதல் காரணம், மழையை நாம் பார்க்கும் இடம். நுங்கம்பாக்கத்தில் எத்தனை சென்டிமீட்டர் என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். நுங்கம்பாக்கத்தில் கொட்டும் மழை கூவத்தில் விழுந்து கடலுக்குப் போகும். பூண்டிக்கு அதில் ஒரு சொட்டு வராது. பூண்டி நிரம்ப வேண்டுமானால் கொசஸ்தலையாறும் நகரி ஆறும் ஓட வேண்டும். அந்த ஆறுகள் ஓட ஆந்திர எல்லையிலும் அதைத் தாண்டியும் நிலம் ஊறி வழிய வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் மரங்களை வேரோடு சாய்த்து, ஒரே நாளில் பெருமழையைக் கொட்டியது. ஆனாலும் அந்த ஆண்டு மாநிலம் முழுவதும் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. அடுத்த கோடையில் சென்னை குவாரித் தண்ணீர் குடித்தது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. நம் வறட்சி அறிவிப்பு முறை முழுக்க வயலுக்காக அமைந்தது. 2016-இல் மத்திய அரசு திருத்தி வெளியிட்ட வறட்சிக் கையேட்டில் மழைதான் முதல் படி. அதற்கு அடுத்து பயிர், மண் ஈரம், செயற்கைக்கோள் குறியீடுகள், அணை இருப்பு, நிலத்தடி நீர். விவசாயிக்கு நிவாரணம் தருவதற்கு அது வேண்டும். 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தபோது பயன்பட்டதும் இத்தகைய முறைதான். ஆனால் ஒரு நகரத்தின் குடிநீர் எந்தத் தேதியில் தீரும் என்ற கேள்வி அதன் மையத்தில் இல்லை. பயிர் காய்ந்தால் அது வறட்சி. குழாய் காய்ந்தால் அது 'தட்டுப்பாடு'. இந்தச் சொல் வித்தியாசம் எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் தட்டுப்பாடு என்று சொன்னவுடன் லாரி விட்டால் தீர்ந்துவிடும் என்று எல்லாரும் நம்பத் தொடங்கிவிடுகிறோம்.

ஏரியைக் காக்கும் பொறியாளரின் இக்கட்டும் சின்னதில்லை. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள், அடையாற்றங்கரை மூழ்கியது. முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்க வேண்டும் என்று அவர்களைத் திட்டாதவர் இல்லை. அதே ஏரி மூன்றரை ஆண்டில் வறண்டு கிடந்தபோது, ஒரு சொட்டையும் விட்டிருக்கக் கூடாது என்று திட்டினோம். நவம்பர் மாதத்தில் ஏரி முக்கால் நிரம்பி நிற்கும்போது, இனி மழை வருமா வராதா என்று யாருக்குத் தெரியும்? அந்த முடிவை ஓர் அதிகாரியின் நள்ளிரவுத் தைரியத்துக்கு விட்டுவைக்கக் கூடாது. எந்த அடிக்கு எந்தத் தேதியில் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி, ஊருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

கணக்கில் வராத தண்ணீர்

மேலே போட்ட கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அது குழாய்த் தண்ணீரின் கணக்கு மட்டும். 2019-இல் பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக நின்ற அடுக்குமாடிகளில் பெரும்பாலானவற்றுக்குக் குழாயே கிடையாது. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று நீளும் அந்தச் சாலையில் லட்சக்கணக்கானோர் போர் தண்ணீரிலும் தனியார் லாரியிலும் வாழ்ந்தார்கள். ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன கம்பெனிகள் செய்தியில் வந்தன. அந்த லாரிகள் எந்தக் கிணற்றில் நிரப்பின, ஒரு நாளைக்கு எத்தனை நடை அடித்தன, அந்தக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி இறங்கியது என்பது எந்தப் பெட்டிச் செய்தியிலும் வரவில்லை.

நிலத்தடி நீரை அளக்கிறார்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை கண்காணிப்புக் கிணறுகளில் நாடா விட்டுப் பார்க்கிறது. மாநிலத்துக்கும் தனியாக ஒரு தரவு மையம் இருக்கிறது. ஆனால் நாலு முறை நாடி பிடித்து, காய்ச்சலில் கிடப்பவரைக் காப்பாற்ற முடியுமா? ஏரி வற்றுவது கண்ணுக்குத் தெரிகிறது. போர் வற்றுவது மோட்டார் இருமும்போதுதான் தெரிகிறது. உடனே இன்னும் நூறு அடி இறக்குகிறோம். பக்கத்து வீட்டுக்காரரும் இறக்குகிறார். மீஞ்சூர்ப் பக்கம் இப்படி உறிஞ்சியதில் கடல்நீர் நிலத்துக்குள் பல கிலோமீட்டர் ஏறிவிட்டது. அது எளிதில் திரும்பிப் போகாது. 2003-இல் தமிழ்நாடு முழுமைக்கும் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். நடைமுறைக்கே வராமல் 2013-இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதே 2003-இல் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பு மட்டும் வீட்டுக்கு வீடு வந்தது. நல்ல வேலை. ஆனால் அந்தக் குழியில் இன்றைக்கு என்ன கிடக்கிறது என்று எத்தனை வீட்டில் திறந்து பார்த்திருக்கிறார்கள்?

நகரத்தின் தாகம் கிராமத்தின் கிணற்றில்தான் போய் நிற்கிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நெல் போடுவதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்று ஆகும்போது, கிணறு உள்ளவருக்கு வருமானம். கிணறில்லாத கூலிக்காரருக்கு வேலையும் போய், அடிபம்பும் வற்றுகிறது.

13.5 என்ற ஓர் எண்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனும் சென்னை போலவே ஒரே பருவத்தின் மழையை நம்பியிருக்கும் ஊர். அங்கே குளிர்காலத்தில், மே முதல் ஆகஸ்ட் வரை பெய்யும். 2015 தொடங்கி மூன்று ஆண்டு மழை பொய்த்தது. அணைகளின் இருப்பு 13.5 சதவீதத்துக்கு இறங்கும் நாளில் வீட்டுக் குழாய்களை மூடிவிடுவோம், பிறகு 200 இடங்களில் வரிசையில் நின்று ஆளுக்கு 25 லிட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மாநகராட்சி அறிவித்தது. வாரந்தோறும் அணை மட்டத்தை வெளியிட்டு, அந்த நாள் எந்தத் தேதியில் வரும் என்றும் சேர்த்துச் சொன்னது. 2018 பிப்ரவரி முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர்தான். அளவோடு செலவழிக்கும் வீடுகளை வரைபடத்தில் பச்சைப் புள்ளியாகக் காட்டினார்கள். விவசாயிகள் தங்கள் அணைத் தண்ணீரில் ஒரு பங்கை நகரத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு 120 கோடி லிட்டர் செலவழித்த ஊர், ஏறத்தாழ 50 கோடிக்கு இறங்கியது. குழாயை மூடும் அந்த நாள் வரவே இல்லை. ஜூனில் மழை வந்துவிட்டது.

அங்கே எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆண்டு முழுவதும் தெருக்குழாயில் வரிசை நிற்கும் குடிசைப் பகுதி மக்களுக்கு அந்த 'நாள்' என்றைக்கோ வந்துவிட்டிருந்தது. பயம் காட்டியே சேமிக்க வைத்தார்கள் என்ற கோபமும் இருந்தது. ஆனாலும் ஓர் எண்ணையும் ஒரு தேதியையும் முன்னால் வைத்தபோது, மக்கள் புரிந்துகொண்டார்கள். 2019-இல் நமக்கு அப்படி ஓர் எண் சொல்லப்படவில்லை.

கடைமடைத் தெருவின் குழாய்

சென்னையைப் பற்றியே பேசுகிறேன் என்று மதுரைக்காரர்களும் இராமநாதபுரத்துக்காரர்களும் கோபிப்பார்கள். மாவட்டங்களில் கதை வேறு. அங்கே ஏரி மட்டம் இல்லை, கூட்டுக் குடிநீர்த் திட்டம்தான். திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்து இராமநாதபுரம் வரை போகிறது. ஒகேனக்கல்லில் எடுத்துத் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் போகிறது. அங்கே ஃபுளோரைடு கலந்த கிணற்று நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட தலைமுறைகள் உண்டு. அந்த ஊர்களுக்கு ஆற்றுத் தண்ணீர் வந்தது உண்மையிலேயே பெரிய விடுதலை.

ஆனால் நூற்றுக்கணக்கான கிராமங்களுக்கு ஒரே குழாய் ஓடும்போது, ஆற்றில் எத்தனை லிட்டர் ஏற்றினோம் என்பது ஒரு கணக்கு, கடைசி ஊரின் கடைசித் தெருவில் எத்தனை குடம் நிரம்பியது என்பது இன்னொரு கணக்கு. நடுவில் உடைப்பு, ஓட்டை, திருட்டு இணைப்பு, மின்தடை. 2019 ஆகஸ்டில் அறிவித்த ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு 55 லிட்டர் என்றது. குழாய்களை எண்ணுவது எளிது. மார்ச் மாதத்து மத்தியானத்தில் அதில் தண்ணீர் வந்ததா என்று எண்ணுவதுதான் கண்காணிப்பு.

அதைச் சொல்லக்கூடிய ஒருவர் ஊருக்கு ஊர் ஏற்கெனவே இருக்கிறார்: மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றித் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டர். தொட்டி நிரம்ப முன்பு எத்தனை மணி நேரம் ஆனது, இப்போது எத்தனை ஆகிறது என்று அவருக்குத் தெரியும். ஆற்றில் மட்டம் இறங்கியதை செயற்கைக்கோளுக்கு முன்பே அவருடைய மோட்டார் சொல்லிவிடும். சொற்பச் சம்பளத்தில் வேலை செய்யும் அவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, அவர் எழுதுவதை வாரம் ஒருமுறை யாராவது படித்தால், மாநிலம் முழுவதும் ஆயிரக்கணக்கான கண்காணிப்பு நிலையங்கள் ஒரே நாளில் கிடைத்துவிடும்.

பழைய கண்மாய்களில் நீர்க்கட்டி என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் ஒருவர் இருந்தார். சில ஊர்களில் இன்னும் இருக்கிறார். மடையில் தண்ணீர் எந்தக் கல்லைத் தொடுகிறது என்று பார்ப்பதும் அவர்தான், இன்றைக்கு எந்த மடையைத் திறப்பது, யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை வைப்பதும் அவர்தான். பெரும்பாலும் நிலமில்லாதவர், ஒடுக்கப்பட்ட சமூகத்தவர்; கூலியாக நெல்தான் கிடைத்தது, மரியாதை அதைவிடக் குறைவாகக் கிடைத்தது. அந்த அநியாயத்தை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் பார்ப்பதும் முடிவெடுப்பதும் அவரிடம் ஒன்றாக இருந்தன. இன்றைக்கு ஏரியில் மட்டம் பார்ப்பவர் ஒரு துறை, குழாயில் விடுபவர் இன்னொரு துறை, மழையைச் சொல்பவர் மூன்றாவது, வறட்சியை அறிவிப்பவர் நான்காவது, போர் போடுகிறவர்கள் நாம்.

2019-க்குப் பிறகு வேலைகள் நடந்திருக்கின்றன. 2020 நவம்பரில் தேர்வாய் கண்டிகையில் 500 மில்லியன் கன அடிக்குப் புதிய நீர்த்தேக்கம் திறந்தார்கள். 2024-இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் ஆலை வந்தது. பேரூரில் 40 கோடி லிட்டருக்கு இன்னொன்றைக் கட்டத் தொடங்கினார்கள். மழை பொய்த்தாலும் கடல் பொய்க்காது. மின்சாரம் நிறைய வேண்டும், உப்புக் கழிவு கடலுக்கே திரும்பும், ஆனாலும் அது என் கணக்கில் நாள்களைக் கூட்டும். கூட்டட்டும்.

எங்கள் வீட்டில் 2020 முதல் ஒரு வழக்கம். ஜனவரி முதல் தேதி, புது தினசரி காலண்டரை ஆணியில் மாட்டும்போது, அன்றைய ஏரி இருப்பை முதல் தாளின் பின்னால் எழுதி, வகுத்து, எந்தத் தேதி வருகிறதோ அந்தத் தாளின் ஓரத்தை மடித்து வைக்கிறோம். மடிப்பு ஆகஸ்டைத் தாண்டி விழுந்தால் மாமியார் சிரிப்பார். ஒருமுறை அவர் மடித்த தாளைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதை ஏம்மா நம்ம வீட்டுக் காலண்டர்ல மட்டும் மடிக்கிறோம்?"